அடுத்த வீட்டில் சொல்லலாமா

ஸ்கார்வோய் தீவுக்கு வரும் கடைசிப் படகை இலையுதிர் காலத்திலிருந்து நிறுத்தப்போவதாக மார்ச் மாதத்தில் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அறிவிப்பு நீளமானது. அதில் இரண்டு வாக்கியங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். “பயணிகள் குறைவு.” “தீவு மக்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் இல்லை.”

முதல் வாக்கியத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கார்களையும் ஏற்றிச் செல்லும் படகு அது; குளிர்காலத்தில் எல்லோரும் கார்களுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வதால் படகில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாது. ஆனால் இரண்டாவது வாக்கியம் பொய். எனக்கு ஆட்சேபம் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பகலில் தீவின் மழலையர் பள்ளியில் வேலை செய்கிறேன். பதினேழு வயதில் படிப்பை விட்டேன். இப்போது இருபத்து மூன்று. செவ்வாயும் வியாழனும் மறுகரையில் இருக்கும் லெய்ர்நெஸ் ஊருக்கு மாலை வகுப்புக்குப் போகிறேன். இன்னும் ஓராண்டு முடித்தால் செவிலியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பு விடும் நேரத்துக்குப் பிறகு தீவுக்கு ஒரே ஒரு படகுதான். அது என்னை இறக்கிவிட்டு, உடனே திரும்பி மறுகரைக்குப் போய் அங்கே நின்றுகொள்ளும். அது இல்லையென்றால் எனக்கு வீடு திரும்ப வழியில்லை. வழியில்லையென்றால் வகுப்பும் இல்லை. லெய்ர்நெஸில் அறை எடுக்கலாமா, வேலையை மாற்றலாமா என்றெல்லாம் வரிசையாக யோசித்தேன். எல்லா யோசனையும் படிப்பை விடுவதில்தான் போய் முடிந்தது.

தீவின் ஃபேஸ்புக் குழுவில் எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் “இதனால் வேறு யாருக்காவது சிரமம் உண்டா?” என்று மட்டும் போட்டேன். ஒரே ஒரு கட்டைவிரல் விழுந்தது. அது அம்மாவுடையது. அதன் கீழே தோர்கிரிம் மாமா எழுதினார்: “படகு ஒழிந்தால்தான் பாலம் வரும்.” அதற்குக் கட்டைவிரல்கள் மளமளவென்று விழுந்தன.

தோர்கிரிம் மாமா அம்மாவின் அண்ணன். ஆணி, பலகை, பெயிண்ட் விற்கும் கடை வைத்திருக்கிறார். பாலக் கமிட்டியின் தலைவர். ஊர்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மறுநாள் கடைக்குப் போனேன்.

“மாமா, படகை நிறுத்திட்டா நான் எப்படிப் படிக்கிறது?”

“படகு ஒழுங்கா ஓடுற வரைக்கும் எவன் பாலம் கட்டுவான்? நம்ம கொஞ்சம் கஷ்டப்படணும். கஷ்டம் முத்தினாத்தான் மேல இருக்கிறவன் காசு ஒதுக்குவான்.”

“பாலம் எப்ப வரும்?”

“பத்து வருஷம். சரி, பன்னெண்டுன்னே வச்சுக்கோ.”

“அப்ப எனக்கு முப்பத்தஞ்சு.”

“முப்பத்தஞ்சு வயசுல படிச்சா மண்டையில ஏறாதா? நான் நாப்பதுல கணினி கத்துக்கிட்டேன்.”

“கத்துக்கிட்டீங்களா?”

கல்லாவில் நின்ற பெண் குனிந்துகொண்டு சிரித்தாள். மாமாவுக்குச் சுருக்கென்றது.

“இந்தா பாரு இல்வா. என் அப்பா, உன் தாத்தா, புயல்ல படகு வராம இந்தத் துறையிலதான் கெடந்து செத்தார். டாக்டர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். எனக்குப் பாலம் வேணும். ஊரே அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கு. நீ ஒருத்தி மட்டும் கூவாத.”

தாத்தாவைப் பற்றி அவர் சொன்னது உண்மை. ஆனால் ‘ஊரே’ என்ற சொல் வீடுவரை என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. ஊரையே இவர் எப்போது கேட்டார்?

அந்த வாரம் சமூகவியல் வகுப்பில், ஒரு சேதி ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்பதுதான் பாடம். ஆசிரியர் ஹால்வர் பலகையில் புள்ளிகளும் கோடுகளும் போட்டு, அவரவர் ஊருக்கு அதே மாதிரி வரைந்து பார்க்கச் சொன்னார். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதற்கு ஒரு கோடு.

“உங்க தீவுக்கு ரெண்டு நிமிஷம் போதும்,” என்றான் பக்கத்தில் இருந்த பையன். “மொத்தமே நாலு பேர்.”

“அஞ்சு. போன மாசம் ஒரு குழந்தை பிறந்துச்சு.”

முதலில் மாமாவை நடுவில் போட்டேன். எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் கோடு போடத் தொடங்கியதும் பேனா நின்றது. அவர் பேசுவதை எல்லோரும் கேட்கிறோம். அவரோடு பேசுவது யார்? கமிட்டிக்காரர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். நான் தவறாக வரைகிறேனோ என்ற சந்தேகத்தில் தாளைத் திருப்பி மறுபடி தொடங்கினேன். இந்த முறை கோடுகள் தாமாகவே ஓர் இடத்துக்குப் போயின. பாலம் கேட்கிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், போகாதவர்கள், பத்து வருடமாகப் பேச்சில்லாத அண்ணன் தம்பிகள் என்று எல்லோரிடமிருந்தும் ஒரு கோடு ஓட்னியிடம் போனது.

ஓட்னி பள்ளி வாத்தியக் குழுவின் பெற்றோர் சங்கத் தலைவி. குழந்தைகளின் சீருடைக்கும் பயணத்துக்கும் பணம் சேர்க்க ஆண்டுக்கு நான்கு முறை டாய்லெட் பேப்பர் விற்கிறாள். எங்கள் தீவில் யாரும் அதைக் கடையில் வாங்குவதில்லை. கால்பந்துக் குழுவும் விற்கிறது, ஆனால் ஓட்னியின் பேப்பர்தான் மெத்தென்று இருக்கும் என்பது ஊர் முடிவு. பெரிய மூட்டைகளாக ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போவாள். ஒவ்வொரு வீட்டிலும் காபி குடிப்பாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், அவளுடைய மூன்று பிள்ளைகளும் வாத்தியக் குழுவைவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். பதவி மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை காலை அவள் வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். மூட்டைகளை ட்ரெய்லரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தயார் செய்து வைத்திருந்ததை ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

“முடியாது,” என்றாள்.

“நான் இன்னும் கேக்கவே இல்லையே.”

“கேக்கப்போறது தெரியுது. வீடு வீடாப் போய் படகைக் காப்பாத்துங்கன்னு சொல்லணும். அதானே?” ஒரு மூட்டையை என் கையில் திணித்தாள். “பிடி, சும்மா நிக்காத. நான் எந்த வீட்டுக்குள்ள வேணா போவேன். ஏன்? எந்த வீட்டுலயும் நான் எந்தப் பக்கமும் பேசமாட்டேன். பேசினேன்னு வை, பாதி ஊரு நாளைக்கே கால்பந்துக்காரன்கிட்ட வாங்கும். அப்புறம் பிள்ளைங்களுக்கு டிராம்போன் உங்க மாமாவா வாங்கித் தருவான்?”

“அப்ப நானாவது சொல்றேன். உங்ககூட வர்றேன்.”

“தூக்க வர்றியா, வா. படகுன்னு வாயைத் திறந்தா வழியிலயே இறக்கிவிட்டுருவேன்.”

போனேன். வாயைத் திறக்கவில்லை. அது எனக்குச் சுலபம், எப்போதும் செய்வதுதான்.

முதல் வீடு ஐவின்டுடையது. எழுபதைத் தொடும் மீன்பிடிக்காரர். காபி ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இன்னும் கிளாசுக்குப் போறியாம்மா?”

ஓட்னியைப் பார்த்தேன். “இப்போதைக்குப் போறேன்.”

அவர் புரிந்துகொண்டார். கோப்பையைக் கொஞ்ச நேரம் தட்டின் மேல் சுற்றிக்கொண்டிருந்தார். “நானும் அந்தப் படகுலதான் வருவேன். வாரத்துல நாலு நாள். அந்தப் பக்கம் முதியோர் இல்லத்துல என் பொண்டாட்டி இருக்கா. ராத்திரி சாப்பாடு நான் ஊட்டினாத்தான் சாப்பிடுவா. வேற யார் ஊட்டினாலும் துப்பிடுறா.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “வெளிய சொல்லிடாதீங்க. ஊரே பாலம் கேக்குது, நான் ஒருத்தன் குறுக்க நின்னேன்னு இருக்கக்கூடாது.”

அடுத்த வீடு ஹெர்டிஸ். லெய்ர்நெஸ் கடையில் மாலை வேலை. அவளும் அதே படகு, அதே வேண்டுகோள். இன்னும் சில வீடு தள்ளி சிகுர்ட். பாலக் கமிட்டியின் செயலாளர், மாமாவின் ஆறு பேரில் ஒருவர். அவர் எங்களை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே மூட்டையை வாங்கிக்கொண்டார். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி உட்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஓட்னி, போன வாரம் படகுல என்னைப் பாத்தேன்னு யார்கிட்டயும்...”

“பல்லு வலி இன்னும் குறையலியா சிகுர்ட்?”

“குறையல.”

“நல்ல டாக்டரம்மாதான். ராத்திரி பத்து மணி வரைக்கும் பாக்குறாங்களே.”

சிகுர்டுக்குக் காதுமடல்வரை சிவந்தது. காரில் ஏறியதும் நான் சிரித்தேன். இரண்டு நிமிடத்தில் சிரிப்பு கோபமாக மாறியது. எனக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும். வந்தால் என்ன செய்வதென்று தெரியாது.

“உங்களுக்கு இது எல்லாம் முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.”

“ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஒருத்தர் இருக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியாது. உங்க ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும்.”

“நம்பிச் சொன்னது. நம்பிச் சொன்னதை அங்க இங்க கொட்டினா எவ வீட்டுக்குள்ள விடுவா என்னை?”

“எல்லார்கிட்டயும் கேட்டு எல்லாத்தையும் உங்ககிட்டயே வச்சுக்கிட்டா அதுக்கு என்ன பேரு? நீங்க ஊரைச் சேர்த்து வைக்கலை ஓட்னி. எல்லாரையும் தனித்தனியாப் பூட்டி வச்சிருக்கீங்க. சாவி உங்க பையில இருக்கு.”

ஓட்னி காரை ஓரமாக நிறுத்தினாள். நான் இறங்கினேன். அவள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. மழையில் வீடுவரை நடந்தேன். நடக்க நடக்க, சொன்னது சரியா, சொன்ன விதம் சரியா என்று குழம்பினேன். சொன்ன விதம் தவறு என்று முடிவு செய்தேன். சொன்னது சரி என்றும் முடிவு செய்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே ஓட்னியின் கார் வந்து நின்றது. அவள் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

“விதாஸ் போறான்.”

விதாஸ்தான் வாத்தியக் குழுவின் பேண்ட் மாஸ்டர். லிதுவேனியாக்காரர். லெய்ர்நெஸில் குடியிருந்துகொண்டு, புதன்கிழமை தோறும் தீவுக்கு வந்து ஒத்திகை நடத்திவிட்டு, கடைசிப் படகில் திரும்புகிறவர்.

“நேத்து ஒத்திகை முடிஞ்சு சொன்னான். படகு இல்லன்னா கோடை விடுமுறையோட சரின்னு. ‘ஓட்னி, நான் நீந்திப் போகமுடியாது’ங்கிறான். பதினோரு வருஷம். அந்த ஆளுக்கு முன்னாடி நம்ம பிள்ளைங்க தேசிய நாளுக்கு வாசிச்சா பசுமாடு கயிறு அறுத்துக்கிட்டு ஓடும்.” ஸ்டீயரிங்கை ஒரு தட்டு தட்டினாள். “உன் பேச்சு எனக்குப் பிடிக்கல. சாவி, பூட்டுன்னு. ரெண்டு ராத்திரி தூங்கல.”

“நான் அப்படிச் சொல்லியிருக்க...”

“மன்னிப்பு கேட்டேன்னா கிளம்பிப் போயிருவேன். கேளு. நான் எந்தப் பக்கமும் பேசப்போறதில்ல. நம்பிச் சொன்னதைக் கொட்டப்போறதும் இல்ல. ஆனா கேக்கலாம். ஒவ்வொரு வீட்டுலயும் ஒரே ஒரு கேள்வி. ‘நீ என்கிட்ட சொன்னதை அடுத்த வீட்டுல சொல்லலாமா?’ சரின்னா சொல்வேன். வேணாம்னா என்கூடவே மண்ணுக்குள்ள போகும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வா.”

தீவின் கிழக்குப் பக்கத்தில் பேப்பர் விற்பனை முந்தைய சனிக்கிழமையே முடிந்திருந்தது. அதனால் அங்கே டாய்லெட் பேப்பர் இல்லாமல் போகவேண்டியிருந்தது. இது எவ்வளவு பெரிய தவறு என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஓட்னி வெறுங்கையோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஐவின்டின் முகம் வெளுத்தது.

“யாரு போய்ட்டா?”

“யாரும் போகல. உள்ள விடு.”

“இல்லத்துலேருந்து போன் வந்துச்சா உனக்கு? என்கிட்ட மறைக்காத.”

அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மனைவி நலமாக இருக்கிறாள் என்று நம்பவைப்பதற்குள் காபி ஆறிப்போனது. பிறகு ஓட்னி கேட்டாள். அவர் வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மறுகரை தெரிந்தது.

“அடுத்த வீட்டுல யாரு?”

“ஹெர்டிஸ். அவ என்ன சொன்னான்னு கேக்காத, அவகிட்ட நான் இன்னும் அனுமதி வாங்கல.”

ஐவின்ட் மெதுவாகத் தலையைத் தூக்கினார். “அப்ப அவளும் ஏதோ சொல்லியிருக்கா.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லிடு,” என்றார். “என்னோடதைச் சொல்லிடு. பேரோடயே சொல்லு.”

ஹெர்டிஸ் வாசலிலேயே, “ஐவின்டா? நெஜமாவா?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, “நான் நாலு வருஷமா கார்லயே குனிஞ்சு உக்காந்து வர்றேன், அவர் பாத்துடக்கூடாதுன்னு,” என்றாள். அவளும் சரி என்றாள். அடுத்த வீட்டுக்கு ஓட்னி இரண்டு பேரின் கதையோடு போனாள். அதற்கடுத்த வீட்டுக்கு மூன்று பேரின் கதை. மதியத்துக்குள் நாங்கள் கதவைத் தட்டும் முன்பே சிலர் கதவைத் திறந்துவிட்டார்கள். தொலைபேசி எங்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வரைந்த கோடுகள் காகிதத்தைவிட்டு எழுந்து நடப்பதுபோல் இருந்தது. எல்லோரும் சரி என்று சொல்லிவிடவில்லை. சிகுர்ட் வேண்டாம் என்றார், கையெடுத்துக் கும்பிடாத குறை. ஓட்னி அவர் பெயரை எங்கும் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை ஓட்னியின் வாசலில் மூட்டைகள் கிடந்தன. பாலம் கேட்கிறவர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மாமாவுடையது, பிரிக்காமல், “கால்பந்துக் குழுவிடம் வாங்கிக்கொள்கிறேன்” என்று ஒட்டிய சீட்டோடு. நான் போனபோது ஓட்னி அவற்றைக் கொட்டகைக்குள் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்னாலதான்,” என்றேன்.

“ஆமா, உன்னாலதான். அந்தப் பக்கம் பிடி.” இன்னொரு மூட்டையை உதைத்தாள். “கால்பந்துக்காரன் பேப்பர் மணல்தாள் மாதிரி இருக்கும். அனுபவிக்கட்டும் உங்க மாமா.”

மே மாதம் முதல் வாரம் மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மக்கள் கருத்துக் கேட்பு என்று பெயர். சிஸ்ஸெல் என்ற அதிகாரியும், மடிக்கணினியோடு ஓர் உதவியாளரும். ஆறு மணிக்கு ஊர் மண்டபத்தில் கூட்டம். ஏழே முக்கால் படகில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாக மாமா உறுதி கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் அது சுலபம். கூட்டத்தில் எழுந்து பேசுகிறவன் தன்னை என்னவோ என்று நினைத்துக்கொள்கிறான் என்று பெயராகிவிடும். அதனால் யாரும் பேசமாட்டார்கள். தலைவர், “பேச்சாளர் வரிசைக்குக் கோடு போடலாமா?” என்று கேட்பார். கோடு விழுமுன் கை தூக்கியவர்களை யாரும் தடுக்கமுடியாது. விழுந்த பிறகு யாரும் சேரமுடியாது. வழக்கமாகக் கோட்டுக்கு மேலே ஒரு பெயரும் இருக்காது. எல்லோரும் வாஃபிள் என்னும் இனிப்பு அடையும் பழுப்புச் சீஸும் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. சிஸ்ஸெல் திரையில் படங்கள் காட்டிப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். முடிவில், “தீவில் இதுபற்றிப் பெரிய எதிர்ப்பு இல்லை என்பதை நாங்கள் கவனத்தில் எடுத்துக்கொண்டோம்,” என்றாள்.

மாமா எழுந்தார். “தெளிவாச் சொல்லிட்டாங்க. அவங்களுக்குப் படகுக்கு நேரமாச்சு. கோடு போட்டுறலாமா?”

கூட்டம் தொடங்கி அரை மணிதான் ஆகியிருந்தது. யாரும் அசையவில்லை. எத்தனையோ வருடமாகப் பூட்டிக்கிடந்த பழக்கம் ஒரு சனிக்கிழமையில் திறந்துவிடாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இருந்தும் ஒவ்வொருவரும் மற்றவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை மடியில் கிடந்தது. தூக்கினால் மாமா என்ன நினைப்பார், குரல் நடுங்குமா, முதல் வாக்கியம் எது என்று வரிசையாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் கோடு விழுந்துவிடும் என்பது உறைத்தது. யோசனையைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன்.

மாமா என்னைப் பார்க்காததுபோல் பேனாவை எடுத்தார்.

“தோர்கிரிம், உன் மருமக கை தூக்கியிருக்கா,” என்றார் ஐவின்ட், பின்வரிசையிலிருந்து. “நானும்தான்.”

ஹெர்டிஸ் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் கணவன். பிறகு வரிசை வரிசையாக, மெதுவாக, வெட்கத்தோடு, கைகள் எழுந்தன. பத்து வருடமாகப் பேசாத அண்ணன் தம்பிகள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே நேரத்தில் தூக்கினார்கள். மாமாவின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியாக மேசைக்குப் பின்னால், சிகுர்டின் கை தோளுயரம்வரை வந்து நின்றது.

“நீ எதுக்குடா?” என்றார் மாமா, மைக்கை அணைக்க மறந்து.

“எனக்குப் பல்லு வலி,” என்றார் சிகுர்ட்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவுடன் பயம் போய்விட்டது.

முதலில் நான். குரல் நடுங்கத்தான் செய்தது. “ஆட்சேபம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. என்னோட ஆட்சேபத்தை எழுதிக்கோங்க. என் பேரு இல்வா. நான் ஒரு தடவை படிப்பை விட்டுட்டேன். ரெண்டாவது தடவை நானா விடமாட்டேன். நீங்க விடவைக்கணும்னா, என் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுச் செய்யுங்க.” இன்னும் நிறைய தயார் செய்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

ஐவின்ட் தன் மனைவி எதைத் துப்புவாள், எதைத் துப்பமாட்டாள் என்று சொன்னார். ஹெர்டிஸ் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் பேசினார்கள், ஆனால் எல்லோரும் பேசினார்கள். ஏழரை மணிக்கு உதவியாளர் மடிக்கணினியை மூடப்போனான். மாமாவே கையமர்த்தினார். என்ன இருந்தாலும் அவர் தலைவர், விதியை மீறமாட்டார். “கோட்டுக்கு மேல இன்னும் பேரு இருக்கு,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. ஏழே முக்கால் படகு ஜன்னலுக்கு வெளியே ஊதிக்கொண்டு போனது.

கடைசிப் பெயர் ஓட்னியுடையது. வாஃபிள் மாவு ஒட்டிய கையோடு வந்து நின்றாள்.

“இத்தனை வருஷம் நான் எந்தப் பக்கமும் பேசினதில்ல. இன்னிக்குப் பேசுறேன். பேண்ட் மாஸ்டர் இல்லாம ஒரு குழந்தையும் வாசிக்காது. படகு இல்லாம பேண்ட் மாஸ்டர் இல்ல. மூட்டையைத் திருப்பிக் கொடுக்கணும்னு நினைக்கிறவங்க கொண்டாந்து போடுங்க, கொட்டகையில இடம் இருக்கு.” திரும்பிப் போய்விட்டாள்.

சிஸ்ஸெல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “நாங்க இப்ப எப்படித் திரும்பிப் போறது?”

எல்லோரும் அவளையே பார்த்தோம். அவளுக்கும் புரிந்தது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. அன்று புதன்கிழமை என்பதால் விதாஸ் மட்டும் எழுந்து, தன் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

“கவலைப்படாதீங்க,” என்றார் தன் இழுவையான உச்சரிப்பில். “இன்னும் ஒண்ணு இருக்கு. நான் அதுலதான் போவேன். வாங்க, நேரம் இருக்கு, வாஃபிள் சாப்பிடுங்க.”

துறைக்கு அவர்களோடு பாதி ஊரும் நடந்தது. அந்த நேரத்திலும் வானம் வெளுத்தே இருந்தது, மறுகரையின் மலைகள் தெளிவாகத் தெரிந்தன. படகு வந்து கதவை இறக்கியது. அதிலிருந்து மாலை வேலை முடிந்த மூன்று பேர் இறங்கினார்கள். துறையில் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் அவர்கள் திகைத்து நின்றார்கள்.

சிஸ்ஸெல் என் பக்கம் திரும்பினாள். “என்னால எந்த உறுதியும் தரமுடியாது. முடிவு எடுக்கிறது நான் இல்ல.”

“உறுதி கேக்கலை,” என்றேன். “முடிவு எடுக்கிறவங்ககிட்ட, எதுல ஏறித் திரும்பி வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

ஜூனில் முடிவு வந்தது. நிறுத்தவில்லை, ஓராண்டு தள்ளிவைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் மறுபடி பரிசீலிப்பார்களாம். இதை வெற்றி என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றே இலையுதிர் பருவத்துக்குப் பதிவு செய்தேன். அதற்கடுத்த பருவத்துக்கும் இடம் கேட்டேன். அவ்வளவு முன்கூட்டி யாரும் கேட்டதில்லை என்றார் ஹால்வர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அடுத்த செவ்வாய் வகுப்புக்குப் போகும் வழியில் கடை வாசலில் மாமா பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“சந்தோஷமா? உன்னால பாலம் இன்னும் தள்ளிப் போச்சு.”

“பாலம் வரட்டும் மாமா. வந்தா முதல் ஆளா நடந்து போறேன். அது வர்ற வரைக்கும் நான் ராத்திரி வீட்டுக்கு வந்தாகணும்.”

“அடுத்த வருஷம் மறுபடி வருவானுங்க.”

“வரட்டும். நாங்களும் வருவோம்.”

அவர் ஒரு பலகையைத் தூக்கினார். பலகையின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினார். எனக்குப் படகுக்கு நேரமாகியிருந்தது. பிடிக்காமல் நடந்தேன்.